மிதிக்கிறவருக்கே வானொலி

போன தேர்தலில் எனக்கு முன்னால் வாக்குப் போட்டுவிட்டு வந்த இளைஞன், “பாய் மாதிரி நீளத்துக்குச் சீட்டு. இத்தினை கட்சி எதுக்கு? ஒண்டு காணாதே?” என்று சலித்துக்கொண்டான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாக்குச்சாவடி வாசலில் சண்டை பிடிக்கக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று அடக்கியதை இப்போது உங்களிடம் கொட்டுகிறேன்.

‘ஒன்று போதும்’ என்று யாராவது சொன்னால் எனக்கு றப்பர் தேயும் மணம்தான் வரும். சைக்கிள் டைனமோ ரயரில் உராயும் மணம். யுத்த காலத்தில் எங்கள் முல்லைத்தீவுக் கரையில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவைப் பாடவைப்போம். படிப்பு, பொழுதுபோக்கு, உலகம் எல்லாம் அந்தப் பெட்டிதான்.

மிதிக்கிறவர் கேட்கும் நிலையம்தான், அது எங்கள் சட்டம். நான் சினிமாப் பாட்டுக்காக மிதிப்பேன். என் கால்களோ முருங்கைக்காய். சரணம் வருமுன்பே மூச்சு வாங்கும், பாட்டும் தேய்ந்து அடங்கும். “இறங்கடா, பாட்டுக்காரனைக் கொல்லாதை!” என்று பெடியள் கத்துவார்கள். அடுத்தவர் ஏறினால் உள்ளூர் வானொலி, இன்னொருவர் ஏறினால் கொழும்பு, மற்றவர் வெளிநாடு. களத்தில் நடந்த ஒரே சண்டையில் ஒவ்வொரு வானொலியிலும் ஒவ்வொரு தரப்பு வென்றது. எது மெய் என்று பிறகு எங்களுக்குள் வாய்ச்சண்டை. எனக்கு யோசிக்கப் பழக்கியது அதுதான். என் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

மாலைச் செய்திக்குப் பக்கத்து வீட்டு றீற்றா அக்கா ஏறிவிடுவார். அவருடைய கணவர் சவிரிமுத்து அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. செத்துப்போனார் என்று உள்ளூர் வானொலி சொல்லிவிட்டது. கொழும்பு வானொலியோ, பிடிபட்டுச் சிறையில் இருக்கும் மீனவர்களின் பெயர்களை இடைக்கிடை வாசிக்கும். கடிதம் வராது, பாதையும் பூட்டு. அக்கா சீலையை வரிந்து கட்டிக்கொண்டு மிதிப்பார். அந்த நேரம் நாங்கள் யாரும் பாட்டுக் கேட்கமாட்டோம்.

ஒருநாள் உள்ளூர் வானொலியை நடத்துகிற இயக்கத்தார் சிலர் தோளில் துவக்கோடு வந்தார்கள்.

“இனி எங்கட வானொலி மட்டும் கேட்டாக் காணும். மற்றதெல்லாம் பொய்.”

அக்கா சைக்கிளை விட்டு இறங்கவில்லை. “தம்பி, கொழும்பில என்ர மனிசன்ர பேரை வாசிச்சாலும் வாசிப்பாங்கள். செய்தி நேரம் மட்டும் விடுங்கோ.”

“உங்கட மனிசன் செத்திட்டார் அக்கா. நாங்கள் சொன்னனாங்கள்தானே?”

டைனமோவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கொழும்பு வானொலி அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாலையும் பேசியிருக்கும். எங்கள் ஊரில் கேட்க யாருமில்லை. பல கட்சி, பல பத்திரிகை, பல வானொலி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நியாயம் இவ்வளவுதான். மற்றவன் சொல்வது பொய்யாகவே இருக்கட்டும், அதைக் கேட்டு முடிவெடுக்க றீற்றா அக்காவுக்கு உரிமை இருந்தது.

இன்று அந்த வீடுகளும் இல்லை, மிதித்தவர்களில் பாதிப்பேரும் இல்லை. கடைசிச் சண்டையில் றீற்றா அக்கா தாலியோடுதான் மண்ணுக்குள் போனார். என் மகள் போனில் எதையும் தேடி எடுப்பாள்; அந்த மாலைச் செய்திகளை அவளாலும் எடுக்க முடியவில்லை.

வருடாவருடம் மரித்த ஆத்துமாக்களின் நாளில், செத்தவர்களுக்குக் கொளுத்தும் மெழுகுதிரிகளோடு அக்காவின் மகள் வருவாள்.

“அம்மாவுக்குக் கொளுத்திப்போட்டன் மாமா. அப்பாவுக்குக் கொளுத்தட்டோ, விடட்டோ?”