குழாய்க் கிணற்றுக் கல்லில் என் பெயர்

பர்மாவில், தாமுவேயில் எங்கள் சந்தின் முதல் டீக்கடை நான் போட்டது. முழங்கால் சேற்றில் செங்கல் பரப்பியவன் நான். கீழக்கரையில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஊர்க்காரர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறியபோதும் நகராதவன். இப்போது குழாய்க் கிணற்றடியில் தினமும் வாளி நிரப்பும் பெண்கள், அங்கே பதித்த கல்லைப் பார்த்து 'சாது' என்று அடுத்தவர் புண்ணியத்தை வாழ்த்துகிறார்கள். கல்லில் இருப்பது எதிர்வீட்டு அம்மா டோ மியாவின் பெயர்.

டோ மியா நடத்துவது சீட்டாட்ட வீடு. மத்தியானத்தில் பாய் விரித்தால் பஸ் கண்டக்டர், மீன்காரி, பள்ளிக்கூட வாத்தியார் என்று சந்து ஆட்களே உட்காருவார்கள். ஜெயித்தவர் எல்லாருக்கும் என் கடையில் டீ சொல்லுவார். தோற்றவர் தனியாக வந்து குடிப்பார். வாத்தியார் சைக்கிளைத் தோற்ற அன்று டீ ஆறும்வரை வாயில் வைக்கவில்லை. நான் சீட்டைத் தொட்டதே இல்லை.

ஒரு கோடையில் தண்ணீர் வற்றியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டாட்ட வீட்டுக்கென்று எடுக்கும் பங்கிலிருந்து கிணறு போடுவதாக டோ மியா சொன்னார். இடம் என் கடை முற்றம். மூன்று நாள் சேற்றில் நின்று குழாய் இறக்கியதும் நான்தான். கல் வெட்டும் சமயம் அவரே வந்தார். ஐயா என்பதற்கு இங்கே 'ஊ' என்பார்கள்.

"ஊ காசிம், உங்க பேரு மேலே, எம்பேரு கீழே."

"எம்பேரு வேணாம்."

சூதாட்டக் காசோடு என் பெயர் ஒட்டக்கூடாது என்பது என் கணக்கு. அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவரோ, கொடுத்துவிட்டுப் பெயரை மறைக்கிறவன் பெரிய மனிதன் என்று நினைத்துக் கை கூப்பினார். கொஞ்ச நாள் சந்து முழுக்க அதே பேச்சு. பிறகு பேசியவர்கள் வீடு மாறிப் போனார்கள். புதிதாகக் குடி வந்தவர்களுக்கு நான் வெறும் டீக்கடைக்காரன்.

மகளிடம் குறைபட்டுக்கொண்டேன். சிரித்தாள்.

"அத்தா, நீங்கதானே வேணாம்னீங்க? அவங்க ஆடுன காசுல டீ வித்தது மட்டும் ஹலாலா?"

முப்பது வருடம் அந்தக் காசில்தான் இவளை வளர்த்தேன். இனி வீம்பு பிடிக்கத் தெம்பில்லை.

சென்னைக்குப் போய்விட்ட பழைய சந்து ஆட்களே, அந்தச் சேறு உங்களுக்குத் தெரியும். அதில் நின்றவன் நான் என்று இங்கே இருப்பவர்களுக்கு எழுதிச் சொல்லுங்கள். கல்லில் டோ மியா பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. காசிம் என்று தமிழில் வெட்டினால் இந்தச் சந்தில் படிக்க ஆளில்லை. அடையாள அட்டையில் உள்ள பர்மியப் பெயரை வெட்டினால் கீழக்கரையில் அது யாரென்று கேட்பார்கள். இரண்டையும் வெட்டச் சொல்லுங்கள்.