காலையின் தலையும் மதியத்தின் வாலும்

காலைக்கும் மதியத்துக்கும் நடுவே தின்பதைக் குறிக்கும் பிரஞ்ச் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்ததே எங்கள் வில்கரா ஊர்தான். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். காலையில் தின்னும் பிரேக்ஃபாஸ்டின் தலையையும் மதியம் தின்னும் லஞ்சின் வாலையும் ஒட்டி அதைச் செய்தவர் யாரோ ஓர் இங்கிலாந்துக்காரர். நூற்று முப்பது வருடத்துக்கு முன் அங்கே ஒரு பத்திரிகையில் வந்ததாம். ஆனால் சொல்லில் உள்ளபடியே அதைத் தட்டில் வைத்தவள் எங்கள் நோலா கிரிம்ஷா ஒருத்திதான்.

முப்பது வருடமாக நோலாவின் உணவகத்தில் காலைச் சாப்பாடு பத்து மணியோடு சரி. மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கு. நடுவில் பிரதமரே வந்து தட்டினாலும் கதவு திறக்காது. அந்த இரண்டு மணி நேரம் கடைக்குப் பின்னால் இருக்கும் டேலியாப் பூச்செடிகளுக்கு உரியது. வேளாண் கண்காட்சியில் ஒரு முறையாவது முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. கணவன் லெஸ் செத்த வாரத்தில்கூட ஒரு நாள் தவறாமல் செடியில் நத்தை பொறுக்கினாள்.

அந்த வருடம் எங்கள் ஊர் மன்றத்துக்குச் சுற்றுலா ஆசை பிடித்தது. சிட்னிக்காரர்கள் பத்தரைக்கு எழுந்து பசியோடு அலைகிறார்கள், ஆகவே பிரஞ்ச் போடாத கடை நடைபாதையில் மேசை போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நோலாவின் மேசைகளில் பாதி நடைபாதையில்தான் கிடந்தன. மன்ற உறுப்பினர் டெரெக் நேரில் வந்தார்.

"பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தொறந்து வைங்க, நோலாக்கா. என்னத்தையாவது போடுங்க."

"என்னத்தையாவதா? நீ வந்து திம்பியா அதை?"

"நான் வீட்லயே சாப்ட்ருவேங்க்கா."

நான்தான் நோலாவுக்கு யோசனை சொன்னேன். சொல் எப்படியோ சாப்பாடும் அப்படியே இருக்கட்டும். காலைச் சாப்பாட்டின் முன்பக்கத்தில் ஒரு துணுக்கு, மதியச் சாப்பாட்டில் தலை போக மிச்சம். வருகிறவர்கள் ஒரே வாரத்தில் ஓடிப்போவார்கள் என்றேன். வாட்டிய ரொட்டியில் ஒரு மூலை, ஒரு வாய் முட்டை, நேற்றைய ஆட்டிறைச்சியின் ஆறிப்போன கடைசித் துண்டு. பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் வைத்துக் கொடுத்தாள்.

சிட்னிக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். அடுத்த ஞாயிறு வரிசை பெட்ரோல் நிலையம் வரை நின்றது. தோட்டத்தை எட்டிப் பார்க்கவும் நோலாவுக்கு நேரமில்லை. நத்தைகளுக்கும் அங்கே பிரஞ்ச் நடந்தது. கண்காட்சிக்கு எடுத்துப் போக ஒரு பூகூட மிஞ்சவில்லை, பாவம்.

இதுவரை எழுதியதை நோலாவிடமே படித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"ஒரு பூவும் இல்லைன்னு எழுதாதடி. ஒண்ணு மிஞ்சிச்சு, ரெண்டாம் பரிசும் வாங்கிச்சு. மொதப் பரிசு உன் செடிக்குப் போச்சுல்ல, அதையும் எழுது."