இசைத்தட்டு உறைக்கு வரைந்த முகம்

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ரேடியோ கடையின் கண்ணாடியில்தான் அந்த அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸுமாக ஒரு குழு வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டாக அவர்களுடைய முதல் இசைத்தட்டு வரப்போகிறது. உறைக்கு ரசிகர்கள் படம் வரைந்து அனுப்பலாம். தேர்வாகும் படம் அச்சாகும். அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

அக்கா சைதாப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பாடுவாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த இரைச்சல் எப்படிப் பிடித்தது என்று எனக்குப் புரியவில்லை. கல்லூரி விழாவில் அவர்கள் வாசித்தபோது, பள்ளி ஆசிரியரான அப்பா காதைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டார். அக்கா அசையவில்லை. திரும்பி நடக்கையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “கத்துறாங்கன்னு அப்பா சொல்றார். நாம என்னைக்காவது கத்தியிருக்கோமாடி?”

அவள் வரைந்தது எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அம்மாவை. கடலோரக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, தெருமுனையில் அவர் ஒரு குரல் கொடுத்தால் கடைசி வீடு வரை கேட்கும். விரிந்த வாய், புடைத்த கழுத்து நரம்பு, தலையில் மீன் கூடை. கறுப்பு மையில் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தாள்.

படம் தேர்வானது. கிதார் வாசிப்பவர் படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கினார்.

“பிரமாதமா இருக்கு சிஸ்டர். அந்தக் கூடையை மட்டும் எடுத்துட்டு, கொஞ்சம் சின்ன வயசுப் பொண்ணா மாத்திக் குடுங்க. யங்ஸ்டர்ஸ் வாங்குற ரெக்கார்டு பாருங்க.”

“அப்படின்னா வேற படம் எடுத்துக்குங்க,” என்றாள் அக்கா. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

இசைத்தட்டு ஒரு மண்டையோட்டுப் படத்தோடு வெளிவந்தது. கடைக் கண்ணாடியில் அதைப் பார்த்த அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. “வீம்புக்குப் பேசிட்டேனோ?” என்று கேட்டாள்.

மறுவாரம் மீன்கார அம்மா வந்தபோது படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். கேட்காமல் வரைந்துவிட்டேன் என்றாள். அவர் கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“இன்னாம்மா, வாய இம்மாம் பெருசா போட்டுகீறே?”

“நீங்க கூப்பிடுறப்போ அப்படித்தான் இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். “குடு. வூட்ல மாட்டிக்கிறேன்.”

சில வருடங்கள் கழித்து அவர் தவறிவிட்டதாகத் தகவல் வந்தது. நாங்கள் இருவரும் குப்பத்துக்குப் போனோம். குடிசை வாசலில் ஒரு ஸ்டூலின் மேல், மாலை போட்டு, அந்தப் படம்.

“அம்மா போட்டோவே புடிச்சதில்லக்கா. இது ஒண்ணுதான் கீது,” என்றார் மகன். “அடில அம்மா பேர எழுதிக் குடுங்கக்கா.”

அக்கா பேனாவைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தின் ஒவ்வொரு கோடும் அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் அவர் கையால் மீன் வாங்கியிருக்கிறோம். இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

“அம்மா பேரு என்னங்க?” என்று கேட்டாள்.

மகன் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கன்னியம்மா.”