நான் வழவழப்பாக்கிய சுறாத்தோல்

எங்கள் ஊருக்குக் கடலைப் பற்றிப் பேச ஒரு பெண் விஞ்ஞானி வருகிறார் என்று என் மனைவி சொன்னபோது, யார் அனுப்பி வருகிறார் என்றுதான் முதலில் கேட்டேன். ஆம்பூரில் ஓடுகிற ஆறுகூட வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கிறது. இங்கே கடலைத் தெரிந்துகொள்ள யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்?

"யாரும் அனுப்பல. நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் மனைவி. அவள் ஓய்வு பெற்ற ஆசிரியை. செல்போனில் அந்த விஞ்ஞானி போடும் ஆமை, சுறா வீடியோக்களைத் தினமும் பார்ப்பாள். சர்ச் ஹாலில் பேசச் சொல்லி அவளே எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகும் என் சந்தேகம் போகவில்லை. என் மனைவிக்கே தெரியாமல் அவளை யாரோ பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று அதை வேறு விதமாக மாற்றிக்கொண்டேன்.

நான் தோல் தொழில்நுட்பம் படித்தவன். எந்தத் தோலை எந்த மருந்தில் எவ்வளவு நேரம் போடுவது, என்ன சாயம் ஏற்றுவது என்று முடிவு செய்கிறவனை எங்கள் பக்கம் டெக்னீஷியன் என்பார்கள். வாழ்நாள் முழுக்க அந்த வேலைதான் பார்த்தேன். வெளியூர்க்காரர் கையில் காலி பாட்டிலைப் பார்த்தால் எங்கள் கண் அதை விட்டு நகராது. ஒரு சமயம் கல்லூரி மாணவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். நானே அவனைத் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிக் காட்டி டீயும் வாங்கிக் கொடுத்தேன். கழிவுநீர் வாய்க்காலில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனவன், அடுத்த தடவை அதிகாரிகளோடு ஜீப்பில் வந்து இறங்கினான். தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை, எங்கள் வாய்க்கால் அப்படித்தான் ஓடியது. ஆனால் வாய்க்காலைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நான் ஆட்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்த விஞ்ஞானி பேச வந்த அன்று சர்ச் ஹாலில் நல்ல கூட்டம். வெயிலில் கறுத்த முகம், நாற்பது வயதிருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பது என் பழக்கம். துணி ஷூ போட்டிருந்தார். பையும் துணி. கைக்கடிகாரத்தின் பட்டை ரப்பர். தோலில் செய்த பொருள் ஒன்றுகூட உடம்பில் இல்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. படகுக்குப் பக்கத்தில் கடலாமை மேலே வந்து மூச்சு விட்டால், வயதான ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது விடுகிற பெருமூச்சு மாதிரியே கேட்கும் என்றார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். சுறாவின் உடம்பில் இருப்பவை சாதாரணச் செதில்கள் இல்லை, நம் வாயில் இருக்கிற பல்லைப் போலவே அமைந்த மிகச் சின்னப் பற்கள் என்றார். பிறகு கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க தெரு வரைக்கும் கடல் வந்துடுச்சு மேடம். போர் போட்டா உப்புத் தண்ணிதான் வருது" என்றார்.

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அப்படியா? எனக்கு ஒரு பாட்டில் குடுங்களேன், எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைத் தடவித்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. அந்த உப்பு மண்ணில் இறங்கித்தான் போர் தண்ணீர் உப்பாகிறது. பின்வரிசை ஆளையும் அவரே உட்கார வைத்திருப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருப் பால்காரர்தான். அவரையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்து வைத்தேன்.

அடுத்ததாகத் திரையில் ஒரு சுறா வந்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் நாடா சதைக்குள் பதிந்திருந்தது. அட்டைப்பெட்டியை இறுக்கிக் கட்டுகிற நாடா. எங்கள் ஊர் ஷூக்கள் துறைமுகத்துக்குப் போவது அதே நாடா கட்டிய பெட்டிகளில்தான். போர் தண்ணீர், பாட்டில், இப்போது இது. எல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மனைவி, "மீதியக் கேக்காம வந்துட்டீங்களே" என்றாள்.

"எங்க கொண்டுபோய் முடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருந்தா சரி. நான் எதுக்கு வாய் வலிக்கச் சொல்லணும்?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சில நாள் கழித்து அந்த விஞ்ஞானி எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஐஸ் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைத்த தோல் ஒன்று, உப்புப் போட்டது. படத்தில் பார்த்த சுறாவின் தோல்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்ததை வாங்கினாராம். சந்தையில் எல்லாரும் விற்கிற சாதாரணச் சுறா, தடை எதுவும் கிடையாது என்று தன் நிறுவனத்தின் கடிதத்தையும் காட்டினார். நான் அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தேன். கடிதம் சரியாக இருப்பதே ஒரு ஏற்பாடு மாதிரி பட்டது.

கடலைப் பார்த்தே இராத பிள்ளைகளிடம் பேசப் போகும்போது தொட்டுப் பார்க்க ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம். முன்பு தானே வெயிலில் காய வைத்த தோல்கள் நாற்றமடித்து, புழு வைத்துப் போயினவாம். தோல் ஊருக்கு வந்தால் வழி கிடைக்கும் என்று வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துத் தோலின் மேல் வைத்தார். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் பட்டு. எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள்.

"இந்தச் சொரசொரப்பு போகக்கூடாது சார். அதைவிட முக்கியம் இது" என்று நாடா பதிந்திருந்த பள்ளத்தைக் காட்டினார். "இந்தத் தழும்பு அப்படியே இருக்கணும். நீங்கதான் அன்னிக்கு ஹால்ல இருந்தீங்களே, கதை தெரியும்."

"இருந்தேன்" என்றேன். அது பொய் இல்லை.

மறுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் மறுக்கவில்லை. இந்தத் தழும்பை ஊர் ஊராகக் காட்டி எங்கள் பெட்டி நாடாவைக் கைகாட்டப் போகிறார், அதற்கான சாட்சியை என்னை வைத்தே பதப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார் என்று எண்ணினேன். சாட்சி என் கைக்கு வந்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கிற விதத்தில் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் நண்பர் ஒருவரின் தொழிற்சாலையில் தோலை மருந்தில் போட்டுச் சுற்றவிடுகிற டிரம் ஒன்று, சோதனைக்கு என்று சின்னதாக, உண்டு. அதைக் கேட்டேன். என் தயக்கத்தைப் பார்த்து அவர், "இதுல இன்னா பேஜார் சார்? கடல்ல மேயுற மாடுன்னு நெனச்சு செஞ்சு குடுங்க" என்றார். சுறாவின் சொரசொரப்பைக் காப்பாற்ற வழி எனக்குத் தெரியும். அமிலம் காட்டாமல், ஆவாரம்பட்டைச் சாற்றில் பொறுமையாக ஊற வைக்க வேண்டும். நாள் பிடிக்கும், ஆனால் நிற்கும். நான் அந்த வழியில் போகவில்லை.

முதலில் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கெடாமல் இருக்க மருந்து தடவி உலர்த்தி எடுத்து வைத்தேன். வேலை தொடங்கும் முன் பச்சைத் தோலில் ஒரு மாதிரித் துண்டு எடுத்து வைப்பது டெக்னீஷியன்களின் வழக்கம். கை தானாகச் செய்தது. பிறகு உப்பும் அமிலமும் கலந்த குளியலில் தோலைப் போட்டு டிரம்மைச் சுற்ற விட்டேன். பற்கள் கரைந்து உதிர்ந்தன. நடுவில் ஒரு முறை நிறுத்தி விரலால் தடவிப் பார்த்தேன். பாதி போயிருந்தது. அப்போதுகூட வெளியே எடுத்திருக்கலாம். மூடியைப் போட்டு மறுபடி சுற்ற விட்டேன்.

தழும்புதான் கடைசி. மாட்டுத்தோலில் முள் கீறல், உண்ணி கடித்த தடம், சூடு போட்ட அடையாளம் என்று எவ்வளவோ இருக்கும். வாங்குகிறவன் கண்ணுக்கு அவை படாமல் பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, சாயம் பூசி, சூடான தகட்டில் அழுத்தி எடுப்பதில் எனக்கு நல்ல பெயர். அந்தக் கைத்திறன் முழுவதையும் அந்தத் தழும்பின் மேல் காட்டினேன். முடிந்தபோது கறுப்பாக, பளபளப்பாக, ஒரு குறையும் இல்லாத தோல். நண்பர் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு ஜோடி ஷூ போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த விஞ்ஞானி வாங்கிப் பார்த்தார். வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினார். திரும்பவும் தடவினார். தழும்பு இருந்த இடத்தைத் தேடி விரல் அலைந்தது.

"எங்க போச்சு சார்?"

"பதத்துல நிக்கலம்மா. உப்பு சரியா ஏறல போலிருக்கு."

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. "துறைமுகத்துல அவசரமா போட்டேன், கம்மியாத்தான் போட்டிருப்பேன்" என்று தன்னையே நொந்துகொண்டார். எனக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த பேச்சு வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில். மனைவி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். "இந்தத் தடவையாவது கடைசி வரைக்கும் உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பாட்டில் வந்தது. எங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு கரண்டியிலும் கடல் நீரை இன்னொரு கரண்டியிலும் சுண்டக் காய்ச்சி, தங்கிய உப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கடலோர உப்பளத்தில் விளைந்த உப்புதான் தோலோடு சேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, நீங்கள் கடலைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது என்றார். அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை.

பிறகு சுறா. தெளிந்த தண்ணீரில் அதை முதலில் பார்த்தது, மீனவர்கள் வலையால் அணைத்துப் பிடித்துக்கொள்ள இவர் நாடாவை அறுத்தது, விட்டதும் அது ஒரு கணம் அசையாமல் மிதந்துவிட்டு ஆழத்துக்குள் போனது. பிழைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. அடுத்த வருஷம் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரிசையாகக் கிடந்த சுறாக்களில் ஒன்றின் கழுத்தில் அதே பள்ளம். குனிந்து தடவிப் பார்த்திருக்கிறார்.

"அந்தத் தழும்புக்குள்ள புதுப் பல் முளைச்சிருந்துச்சு. பொடிப்பொடியா. நாங்க விட்டதுக்கு அப்புறம் அது ஒரு வருஷம் நல்லா வாழ்ந்திருக்கு. கண்ணால பாத்தா தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை நீங்க தொட்டுப் பாக்கணும்னு ஆசைப்பட்டேன்."

ஒரு ஆசிரியை, அது யார் போட்ட நாடா என்று கேட்டார். தெரியாது, உலகம் முழுக்க அதே நாடாதான் என்றார். நான் சர்ச் ஹாலில் எழுந்து வெளியே போன பிறகும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

நான் செய்து கொடுத்த தோலை எடுத்து முன்வரிசைப் பெண்களிடம் கொடுத்தார். உப்பு போடத் தனக்குத் தெரியாததால் தழும்பு அழிந்துவிட்டது, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எவ்வளவோ சிரமப்பட்டும் முடியவில்லை என்றார். ஒரு பெண் அதைத் தடவிவிட்டு, "மிஸ், எங்கம்மா ஷூ கம்பெனில தைக்கறாங்க. இது ஷூ தோல் மிஸ்" என்றாள்.

"உங்க ஊர்ல தோலைக் குடுத்தா வேற எப்படி வரும்?" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். தோல் கையிலிருந்து கைக்குப் போனது. யாரும் அதிக நேரம் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் தினமும் பார்க்கிற பொருள்தானே.

மாலை காட்பாடியில் அவரை ரயிலேற்றப் போனோம். மனைவி தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், சட்டைப் பையிலிருந்து அந்த மாதிரித் துண்டை எடுத்து நீட்டினேன். காலையில் கிளம்பும்போது அதை ஏன் பையில் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உப்பு நல்லாத்தான் ஏறியிருந்தது" என்றேன். "சொரசொரப்பு நிக்கும்னு எனக்குத் தெரியும். நான்தான் அமிலத்துல போட்டேன். தழும்பையும் நான்தான் மூடினேன்."

அவர் துண்டை வாங்கி எதிர்ப்பக்கமாகக் கட்டைவிரலை ஓட்டினார். சொரசொரவென்று சத்தம் எனக்குக் கேட்டது.

"எதுக்கு சார்?"

"உங்களை யாரோ அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

கேட்டிருக்கலாம். வீட்டில் ஒருத்தியைக் கேட்டிருந்தால்கூடப் போதும். வேறு ஒரு சுறாத்தோல் கொண்டுவந்தால் ஆவாரம்பட்டையில் சரியாகச் செய்து தருகிறேன் என்றேன். நானே துறைமுகத்துக்கு வந்து உப்புப் போட்டு எடுத்து வருகிறேன் என்றும் சொன்னேன்.

"பார்க்கலாம் சார்" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. துண்டைத் துணிப் பைக்குள் வைத்தார். பையின் வாயை இழுத்துச் சுருக்கினார். என் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த பையை எடுத்து மறுதோளில் மாட்டிக்கொண்டார். நான் அவரிடமிருந்து எதையும் எடுத்துவிடப் போவதில்லை. ஆனாலும் மாட்டிக்கொண்டார்.

இப்போது ஆற்காடு, திருப்பத்தூர் என்று இந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறார். அந்த விரலகலத் துண்டைப் பிள்ளைகள் வரிசையில் நின்று தொடுகிற வீடியோவை மனைவி ஒரு நாள் காட்டினாள். அதில் தழும்பு கிடையாது, ஓரத் துண்டுதானே. அந்தத் துண்டின் கதை அவளுக்கும் தெரியும், அன்று காரில் திரும்பும்போது நானே சொன்னேன். அடுத்த பேச்சு எந்த ஊரில் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கிளம்புகிற அன்று காலையில் புடவை மாற்றிக்கொண்ட பிறகுதான் என்னிடம் சொல்கிறாள்.