ஆறக்கூடாத முட்டைகள்

கோழிக் கருவில் இதயம் எப்படி உருவாகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வேலூர் ஆய்வகத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால், ஆம்பூரில் எங்கள் வீட்டிலேயே இன்குபேட்டரில் முட்டைகளை வைத்திருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. டீத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு இன்குபேட்டரிடம் ஓடினேன். முட்டைகளுக்குள் இதயங்கள் துடிக்கத் தொடங்கியிருந்தன. முட்டைகளைச் சுற்றி வெந்நீர் பாட்டில்களை அடுக்கிக் கம்பளியால் மூடினேன். மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்து நின்றார்.

"கல்யாணத்துக்கு அப்பால இந்த முட்டை வேலைலாம் இன்னாத்துக்கும்மா? டீ ஆறுது, மொதல்ல வந்து குடு."

நான் கம்பளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டீ ஆறினா சுட வச்சுக்கலாம்மா. இது ஆறினா இதயம் நின்னுடும். அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு."