கேட்காமல் நிரப்பிய கட்டம்

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. எட்டு நாற்பதுக்கு மயிலாப்பூர் கிளினிக்கைத் திறந்தேன். பி.பி. கருவியைச் சரிபார்த்தேன், ஓ.பி. நோட்டில் கோடு போட்டேன், டோக்கன்களை அடுக்கினேன். பத்தொன்பது வருடமாக இதே வரிசை.

நோட்டில் 'கடைசி மாதவிடாய்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் நானே 'நின்றுவிட்டது' என்று எழுதிவிடுவேன். கேட்பதில்லை. ஆளுக்கு அரை நிமிடம் மிச்சம்.

ஏழாவது டோக்கன் சரோஜா. வயது அறுபத்தொன்று, மாட வீதிப் பக்கம் பிளவுஸ் தைப்பவர். பி.பி. மாத்திரைக்கு வந்திருந்தார். வழக்கம்போல் எழுதினேன். டாக்டரம்மா நோட்டைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்த சரோஜா என் மேசைப் பக்கம் குனிந்தார்.

"சிஸ்டர், உன்னாண்ட ஒரு நாப்கின் கீதா?"

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். மறுபடி வயசுக்கு வந்துட்டேன். மஞ்சத்தண்ணி ஊத்த வர்றியா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா, அப்பப்போ ரெண்டு சொட்டு. வலி கிலி ஒண்ணியும் இல்ல. உடம்பு சூடு. வெந்தயம் துன்னுகினு கீறேன்."

"வீட்டுல சொன்னீங்களா?"

"இன்னாத்துக்கு? சொன்னா சாமி ரூம்புல கால் வெக்க உடமாட்டாங்க. விளக்கு மருமக கைக்குப் போயிடும்."

கேட்டேன்; மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆகிவிட்டதாம். கையைப் பிடித்து டாக்டரிடம் திரும்ப அழைத்துப் போனேன். கட்டத்தைக் கேட்காமல் நிரப்பியதையும் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு சரோஜாவிடம் பேசினார்.

"நின்னு ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னா, அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் காட்டணும்மா. பெரும்பாலும் சின்னக் காரணமாத்தான் இருக்கும். உள்ள காஞ்சு மெலிஞ்சிருக்கும், இல்ல சின்னதா சதை வளர்ந்திருக்கும். ஆனா கர்ப்பப்பை கேன்சரும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பாக்காம சொல்ல முடியாது."

"பொரட்டாசி போவட்டும் டாக்டர்."

"அது இன்னும் பொறக்கவே இல்லயே! இன்னிக்கே ஸ்கேன்."

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்படலம் தடித்திருந்தது. பயாப்ஸி செய்ததில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். விளக்கும் அவர் கையில்தான். என் பிளவுஸ் கையை மட்டும் இன்னும் இறுக்கமாகத்தான் தைக்கிறார்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: வயதைப் பார்த்து பதிலை எழுதாதீர்கள். நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள்.

அப்போது பயாப்ஸி முடிவு வர இன்னும் நாளிருந்தது. சரோஜா வந்த மறுநாள், புதன்கிழமை காலை, கோடு போடுவதற்கு முன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கேட்காமல் நான் எழுதிய 'நின்றுவிட்டது' இருபத்து மூன்று இருந்தன. முதல் பெயருக்குப் போன் செய்தேன்.

"அம்மா, கிளினிக்லேர்ந்து சிஸ்டர் பேசறேன். அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்காம விட்டுட்டேன்."