போடாத கேபிளுக்கு வழி அளந்தது

குற்றாலத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் ஒரு எஸ்டேட்டுக்கு இன்டர்நெட் கேபிள் கொண்டுபோக வழி அளக்கும் வேலை, மூன்று வருடத்துக்கு முன்பு எனக்கு வந்தது. நான் தென்காசியில் சர்வேயர். வீட்டுமனை, வயல், தென்னந்தோப்பு என்று சமதரையிலேயே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன். நாலு கிலோமீட்டர்தானே, ஐந்து நாள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஐந்து நாளைச் சொல்லி என் மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

வனத்துறை அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. வழியில் என்னென்ன மரம், செடி இருக்கிறது என்று பட்டியல் எடுக்க, தாவரவியல் தெரிந்த ஒருவர் கூடவே வர வேண்டும். வந்தவர் கடையநல்லூர்க்காரர், கல்லூரி ஆசிரியை, ஏறக்குறைய என் வயதுதான். முதுகில் பை, இரண்டு கையிலும் பழைய செய்தித்தாள் கட்டு.

"இவ்வளவு பேப்பர் எதுக்கு மேடம், மேல போய்ப் படிக்கதுக்கா?" என்று கேட்டேன்.

"செடியைப் படுக்க வைக்கதுக்கு சார்" என்றார்.

வழி காட்ட ஒரு வனக்காவலர். செங்கோட்டைக்காரர். நாங்கள் இருவருமே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டோம்.

முதல் நாள் கணக்குப்படி எண்ணூறு மீட்டர் போயிருக்க வேண்டும். போனது இருநூறு. கருவியை முக்காலியில் ஏற்றி, மட்டம் பார்த்து, எதிரே அண்ணாச்சி கம்பில் பிடித்து நிற்கும் பிரிசக் கண்ணாடியைக் குறிவைத்தால், நடுவில் டீச்சரின் தலை வரும். தரையில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"மேடம், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

"ரெண்டே நிமிஷம் சார்."

அந்த இரண்டு நிமிஷம் மதியச் சாப்பாடு வரைக்கும் நீளும். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நீங்க இப்பிடி நின்னு நின்னு வந்தா, எஸ்டேட் போய்ச் சேரும்போது எனக்குப் பேரன் பொறந்துருவான்." அவர் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் நாள் சாரல் கனத்து, மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மூன்று நாள் காவல் கொட்டகையில் பால் இல்லாத கட்டன் சாயாவும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். டீச்சர் கொண்டுவந்த செய்தித்தாள் எல்லாம் நனைந்து, காய்வதற்காக இடையில் அழுத்தி வைத்திருந்த செடிகள் கறுக்க ஆரம்பித்தன. அவர் ஒவ்வொரு தாளாக அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்திருந்த என் வரைபடத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். நானும் உட்கார்ந்து தாள் மாற்றினேன். அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தந்தி அனுப்பக் கடலுக்கடியில் போட்ட கம்பி கெட்டுக்கெட்டுப் போனதாம். சரி, வடக்கே சுற்றி, அலாஸ்கா, சைபீரியா வழியாகக் கம்பி இழுப்போம் என்று ஒரு கம்பெனி ஆட்களை அனுப்பியது. வழி அளக்கப் போனவர்களோடு பறவை, மீன், செடி சேகரிக்கச் சில இளைஞர்களும் போனார்கள். அவர்களின் தலைவர் அங்கேயே ஒரு ஆற்றங்கரையில் இறந்துபோனார். மற்றவர்கள் விறைக்கும் குளிரில் பறவைத்தோலைப் பதப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அதற்குள் கடல் கம்பி சரியாகிவிட்டது. சைபீரியாவில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே பல மாதம் ஆனது. கையில் மிஞ்சிய, தந்திக் கம்பத்தில் கம்பியைத் தாங்க மாட்டும் கிண்ணம் போன்ற கண்ணாடி இன்சுலேட்டர்களை டீ கப் என்று சொல்லி அந்த ஊர்க்காரர்களிடம் விற்றார்களாம்.

அண்ணாச்சி சாயாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அதுக்கு அடி உருண்டையால்லா இருக்கும். கீழ வச்சா சாயுமே."

"கையிலேயே வச்சுக் குடிச்சிருப்பாங்க அண்ணாச்சி."

"அப்போ கடைசியில அத்தனை பேரும் போனது வீண்தானா?" என்றேன் நான்.

"கம்பிதான் வீண் சார். அவங்க கொண்டுவந்த பறவையும் குறிப்பும் இன்னைக்கும் இருக்கு."

எட்டாம் நாள் வானம் வெளுத்தது. அன்று நீர் கசியும் ஒரு பாறையில், விரல் உயரத்துக்கு வெளிர் ரோஸ் நிறப் பூ. காட்டுக் காசித்தும்பையில் ஒரு வகை என்றார் டீச்சர். என் கோடு சரியாக அதன் மேல் போனது.

"இதை இந்த வழியில வேற எங்கனயும் பாக்கல சார். கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?"

"ஒரு நாள் வேலையைத் திரும்பச் செய்யணும் மேடம். முடியாது."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மேற்கொண்டு இரண்டு முளைக்குச்சி அடித்தேன். மனது ஒட்டவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணாச்சியிடம் முளைகளைப் பிடுங்கித் தெற்கே தள்ளி அடிக்கச் சொன்னேன்.

"அளவு தப்பிட்டா சார்?"

"இல்ல அண்ணாச்சி. பாறை வழுக்குது, கேபிள் நிக்காது."

டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது தன் டப்பாவில் இருந்த கடைசி முட்டையை என் தட்டில் வைத்தார்.

பதினோராம் நாள் முடித்தோம். இறங்கி வந்து மூன்று வாரம் உட்கார்ந்து வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதமே, கேபிள் வேண்டாம், டவரிலிருந்து நேரே சிக்னல் கொடுத்துக்கொள்கிறோம் என்று வேலை கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சாயங்காலம் டீச்சருக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன்.

"உங்ககிட்ட டீ கப் ஏதும் இருக்கா சார்?" என்றார். சிரிப்பு வர எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

அந்த வருஷக் கடைசியில் அவர் கல்லூரிக்குப் போயிருந்தேன். அலமாரியைத் திறந்து, அட்டைகளில் ஒட்டிய செடிகளைக் காட்டினார். அந்தக் காசித்தும்பையும் இருந்தது, நிறம் போய்ப் பழுப்பாக. கீழே அவர் கையெழுத்தில், இன்ன எண் முளைக்கு வடக்கே எட்டு மீட்டர் என்று எழுதி, பக்கத்தில் நான் எடுத்த அளவுகள்.

"உங்க அளவு இல்லேன்னா குற்றாலம் மலைன்னு மட்டும்தான் எழுதியிருப்பேன். எம்புட்டுப் பெரிய மலை. பிறகு வாரவங்க எங்கன போய்த் தேடுவாங்க?"

இருபது வருடமாக அளக்கிறேன். என் அளவைத் தேடி வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறில் இருப்பவர்கள்தான். யாரோடும் தகராறு இல்லாத ஒரு அளவை அன்றுதான் பார்த்தேன். அந்த அட்டையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

இப்போது சாரல் தொடங்கினால் அவரே கூப்பிடுகிறார். அண்ணாச்சியிடம் சொல்லி, அனுமதி வாங்கி, மூன்று பேரும் ஏறுகிறோம். இந்த வருடம் பாதி மலையிலேயே மழை பிடித்துவிட்டது. தொப்பலாக இறங்கி வந்து, மெயின் ரோட்டுக் கடையில் ஆளுக்கு நாலு பரோட்டா சாப்பிட்டோம். டீச்சர் ஈரப் பேப்பரைப் பரோட்டாக் கல்லுப் பக்கம் காய வைக்கலாமா என்று கேட்டார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.